பேருந்து ஜன்னலில் ஒரு கை

ஞாயிற்றுக்கிழமை காலையில், சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் தரையோடு படுத்த மாதிரி பந்தயக் கார்கள் வரும். கனகம்மாசத்திரத்து டீக்கடையில் நிற்கும். எங்கள் பக்கத்து பைக் ஓட்டிகள் ஏழெட்டுப் பேர் அங்கே காத்திருப்போம். யாரும் யாரையும் பந்தயத்துக்குக் கூப்பிடுவதில்லை. கார்க்காரர் எஞ்சினை ஒருமுறை உறும விட்டால் கூப்பிட்டதாக அர்த்தம். நாங்கள் பதிலுக்கு ஒருமுறை முறுக்கினால் சரி என்று அர்த்தம். அப்புறம் திருத்தணி எல்லை வரை யார் முன்னால் என்பதுதான் பேச்சு. அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், திருத்தணியில் சொந்தமாக பைக் மெக்கானிக் கடை. புத்தி மட்டும் பதினெட்டு வயதிலேயே நின்றிருந்தது.

அன்றைக்கு ஒரு சிவப்புக் கார். நேர்ச்சாலையில் என்னை அநாயாசமாகத் தாண்டிப் போனது. திருவாலங்காட்டுக்குத் திரும்பும் இடத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையில் மெதுவாக ஊர்ந்தது. அதன் பின்னால் ஒரு பேருந்தும் ஊர்ந்தது. கார் பிரேக் அடித்தது. எதிரே லாரி. பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் ஓர் ஆள் சாதாரணமாக நடந்து போகலாம். நான் பைக்கோடு புகுந்தேன். கைப்பிடி லாரியில் உரசிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தால், பேருந்து ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடிக்கொண்டிருந்தது. என்னைக் கொண்டாடுகிறார்களாம்! கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்தேன்.

அந்தக் கை என் மனைவியுடையது. அம்மா வீட்டுக்குப் போனவள், சாயந்திரம் வருவதாகச் சொன்னவள், எனக்காகப் புளிச்சக்கீரை கடைசலைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பியிருக்கிறாள். பெட்ரோல் டேங்குக்கு நானே அடித்த ஆரஞ்சு பெயிண்ட், அவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நான் கத்திகினு இருந்தேன் பாவா. நீ கட்டைவிரலு காட்டிகினு போற” என்றாள். பிறகு, “உன்ன உசுரோட குடுத்தா முடிய குடுக்குறேன்னு முருகன் கிட்ட சொல்லிட்டேன்” என்றாள்.

இடுப்பைத் தாண்டிய பின்னல் அவளுடையது. பெண்கள் மூன்று கற்றை மட்டும் கொடுக்கும் பூமுடி வழக்கம் உண்டே, அது போதுமே என்று கெஞ்சினேன். அவள் மசியவில்லை.

“முழுசாத்தான் வேண்டிகினேன்.”

“அப்போ நான் மொட்ட போட்டுக்கறேன்.”

“வேண்டினது நீயா, நானா?”

மறுநாள் மலைக்குப் போனோம். முடி காணிக்கை மண்டபத்தில் அவள் குனிந்து உட்கார்ந்தாள். ஈரப் பின்னல் என் காலடியில் விழுந்தது. தப்பு செய்தவன் தலைமுடியைக் கோதிக்கொண்டு நிற்கிறேன்! அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை. சந்தனம் பூசிய தலையோடு எழுந்தவள் சாவகாசமாகச் சொன்னாள்: “இன்னொரு வாட்டி ரேஸ் ஓட்டு. இன்னொரு வாட்டி மொட்ட. எனக்கு இன்னா, காத்தோட்டமா கீது.”

அவள் சொன்னால் செய்வாள். கீழே இறங்கும்போது ஹெல்மெட் அவள் தலையில் லொடலொடவென்று ஆடியது. இவ்வளவுக்கும் நடுவில், “கொஞ்சம் வேகமாத்தான் போயேன், வெயிலு கொளுத்துது” என்று முதுகில் தட்டினாள்.

இரண்டு வருடமாக அவள் கூந்தலை நான்தான் கண்காணிக்கிறேன். காது மடல் வந்தது, கழுத்து வந்தது. ஞாயிறு காலையில் கார்கள் இன்னும் உறுமுகின்றன. கை அரிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன். அப்போது கடையைத் திறந்து, யாருடைய வண்டிக்காவது பிரேக் சரிசெய்ய உட்கார்ந்துவிடுவேன்.

போன ஞாயிறு கண்ணாடி முன் நின்று, மொத்த முடியையும் பின்னால் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டாள். விரல் நீளத்துக்கு ஒரு வால் நின்றது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“பாவா, பூ வாங்கினு வா.”

போனேன். வழியில் ஒரு கார் பக்கத்தில் வந்து உறுமியது. கைப்பிடியில் பூப்பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டி, கையைக் காட்டி முன்னால் போகச் சொன்னேன்.

குட்டை முடியில் பூ நிற்காமல் வழுக்கியது. கொண்டை ஊசியை அவளிடம் வாங்கி நானே குத்தினேன்.

“நிக்குதா?” என்று கேட்டாள்.

“ஆங், நிக்குது” என்றேன். எதற்கும் இன்னொரு ஊசியை எடுத்தேன்.