கடைசிப் பக்கத்தை விட்டவள்

அந்தப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எழுதியவர் ஓர் ஆர்மீனியர். வரலாறும் பழைய மொழிகளும் கரைத்துக் குடித்தவர். அட்டையில் இருப்பதோ வேறொருவர் பெயர். முதல் வரியிலிருந்து டைப் அடித்தவள் நான்.

எழுபதுகளில் மாண்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் டைப்பிஸ்டாக இருந்தேன். சென்னையில் வாங்கிய எம்.ஏ.வுக்கு இங்கே அவ்வளவுதான் மதிப்பு. என் கணவர் நாங்கள் குடியிருந்த சென்ட் லோரன்ட் பகுதியிலேயே விமானப் பாகங்கள் செய்யும் ஆலையில் இன்ஜினியர். ஆர்மீனியரும் எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் குடியிருந்தார். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். அநாதை விடுதியில் வளர்ந்து, மடத்துப் பள்ளியில் பழைய ஆர்மீனியம் படித்து, பெய்ரூட்டில் பல வருடம் ஆசிரியராக இருந்தவர். அறுபதுகளின் கடைசியில் இங்கே வந்தபோது அவருடைய பட்டங்களை யாரும் ஏற்கவில்லை. துணிக் கிடங்கில் பெட்டி அடுக்கினார். பிறகு எங்கள் துறை வருட ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. ஏழு மொழி படிக்கத் தெரிந்த மனிதருக்கு நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

ஆர்மீனிய ஏடுகளைப் பிரதி எடுத்தவர்கள் வேலை முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் தங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவைப்பார்களாம். பெயர், ஊர், மை உறைந்துபோன குளிர், எந்தப் படை வந்து ஊரைக் கொளுத்தியது, பசிக்கு ரொட்டி கொடுத்தவள் யார். அந்தக் குறிப்புகளை முப்பது வருடம் தேடிச் சேர்த்து, அவற்றிலிருந்து ஒரு வரலாற்றையே எழுதிவிட்டார். நம் ஓலைச்சுவடிகளிலும் எழுதியவர் கடைசியில் பெயர் போடுவதுண்டு என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கேள்வி கேட்டே பஸ்ஸில் என்னைத் தூங்கவிடவில்லை.

துறைத் தலைவருக்கு ஆர்மீனியத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. தன் பெயரில் வந்தால்தான் பதிப்பகம் எடுக்கும், ஒப்பந்தமும் நீடிக்கும் என்றார். இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"எப்படிச் சம்மதிச்சீங்க?" என்று கேட்டேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். கோபம் எந்த மொழியிலும் கோபம்தானே.

"முன்பக்கம் ஏட்டுக்குப் பணம் கொடுத்த பிரபுவுக்கு. எழுதினவன் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும். படிக்கிறவர்கள் அங்கேதான் தேடுவார்கள்" என்றார்.

யார் தேடுவார்கள்? அச்சுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எவன் பார்க்கிறான்? பழைய ஏடுகளுக்குள்ளேயே குடியிருந்துவிட்ட மனிதருக்கு இது உறைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தை ஆசையாக எழுதிக் கொடுத்தார். அவர் பெயர், பிறந்த ஊர், கிடங்கு, சென்ட் லோரன்டின் குளிர், இதை டைப் அடித்த மதராஸ்காரப் பெண்ணின் பெயர். எல்லாம் இருந்தது.

தலைவர் அதைப் பார்த்தார். "சொந்தக் கதை. இது வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றார். நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு என் வாயில் சூடு வைக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம். கர்க்லாண்ட் புறநகரில் வீடு வாங்கும் ஆசை வேறு.

டைப் அடித்த கட்டைக் கொடுத்ததும் ஆர்மீனியர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்.

"முடிவு எங்கே?"

"விடச் சொல்லிட்டார்."

"ராஜா பெயரை விட்டவர்கள் உண்டு. பிஷப் பெயரை விட்டவர்களும் உண்டு. முடிவை விட்டவரை நான் பார்த்ததில்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து முந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

"உனக்கென்ன? சொன்னதை டைப் பண்ணினே, அவ்ளோதானே" என்றார் என் கணவர். மூன்று நாள் அவருக்கு ரசம் சாதம் மட்டும்தான்.

பிறகு புத்தகத்தின் கடைசியில் வரும் பெயர் அட்டவணையைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ராஜாக்களுக்கும் பிஷப்புகளுக்கும் நடுவில், அகரவரிசைப்படி, ஆர்மீனியரின் பெயரையும் அடித்தேன். பக்க எண் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். கேட்டால் இந்த முறை வாய்விட்டுச் சண்டை போடுவது என்று தயாராகத்தான் இருந்தேன்.

தலைவர் கூப்பிட்டார். கோபமே இல்லை. பிழை திருத்துகிறவரின் பொறுமையோடு அந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்தப் பெயர் புத்தகத்தில் எங்கேயும் வரவில்லையே" என்றார்.

உண்மைதான்.