பந்து மேஸ்திரியும் கும்பிடுகிற புல்பேக்கும்

வில்லாபுரம் சின்னக்கருப்பன், பந்தைக் காலால் தொடாமலே பந்தாட்டம் படித்தவர். சின்ன வயதில் அவருக்கு வெள்ளைக்காரர்கள் ஆடுகிற மைதானத்தில் வேலிக்கு வெளியே விழும் பந்தை எடுத்துப் போடுகிற வேலை. கையால்தான் எடுத்துப் போட வேண்டும். காலால் உதைத்தால் பிரம்படி. அப்படியே வேலியோரம் நின்று, எவன் எங்கே நிற்கிறான், எவனை எவன் மறிக்கிறான் என்று எல்லாவற்றையும் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டார்.

பிறகு மில் வேலைக்கு வந்தார். பஞ்சு அடிக்கிற அறையில் போட்டார்கள். அந்த அறையில் தும்மினால் மூக்கிலிருந்து திரி வரும். மனுசன் இருமி இருமிப் பாதியாகிவிட்டார். நல்ல காலமாக மில் துரைக்குப் பந்தாட்டக் கிறுக்குப் பிடித்தது. "யாருக்கு இந்த ஆட்டம் தெரியும்?" என்று கேட்டதும் இருமிக்கொண்டே கையைத் தூக்கியவர் சின்னக்கருப்பன்தான். அன்றிலிருந்து அவர் பந்து மேஸ்திரி. வெளிக்காற்று, மைதானம், கழுத்தில் ஒரு விசில். இருமலும் நின்றது.

நான் அந்த மில் டீமில் கோல் காக்கிற கோலி. ஓட முடியாதவனை அங்கேதான் நிறுத்துவார்கள்.

மேஸ்திரிக்குத் தெரிந்தது ஒரே வித்தை: ஆளுக்கு ஆள். எதிராளி ஒருத்தனுக்கு நம்மாள் ஒருத்தன் ஒட்டிக்கொள்ள வேண்டும். "அவன் தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போங்கடா" என்பார். கோலுக்கு முன்னால் மறிக்கிற இரண்டு புல்பேக்கில் ஒருத்தனான முத்திருளன் இதை அப்படியே எடுத்துக்கொண்டான். குள்ளன், வாயாடி, ஒரு இடத்தில் நிற்காதவன். இடைவேளையில் எதிராளி வேலி மறைவில் ஒண்ணுக்குப் போனபோது, இவனும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றான். அந்த ஆள் பயந்து இரண்டாம் பாதி ஆடவே வரவில்லை.

இன்னொரு புல்பேக் காசிமாயன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கதவு மாதிரி உடம்பு. ஆனால் வளர்ப்பு அப்படி. யார் மேலாவது கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அவனால் அடுத்த அடி வைக்க முடியாது.

திண்டுக்கல் தோல்மண்டி டீமோடு ஆடியபோது இது சந்தி சிரித்தது. அவர்களுடைய முன்னாட்டக்காரன் கண்ணுச்சாமி பந்தோடு வந்தான். காசிமாயன் மறித்தான். கால் பட்டது. காசிமாயன் குனிந்தான். கண்ணுச்சாமி அவனைச் சுற்றிப் போய்க் கோல் போட்டான். கண்ணுச்சாமி விவரமானவன், ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டான். அப்புறம் வேண்டுமென்றே காலைக் கொண்டுவந்து இவன் காலில் வைப்பான். இவன் கும்பிடுவான். அவன் போவான். நான் வலையிலிருந்து பந்தைப் பொறுக்குவேன்.

"ஏன்டா, ஆட வந்தியா, கோயிலுக்கு வந்தியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"கால் பட்டுருச்சுண்ணே."

"பட்டா என்னடா? இது கால்ல ஆடுற ஆட்டம்!"

"எங்காத்தாவுக்குத் தெரிஞ்சா சோறு போடாதுண்ணே."

"கோலு வாங்கிட்டு வந்தா மட்டும் ஒங்காத்தா கறிச்சோறு போடுமா?"

"அதுக்குக் கோலுன்னா என்னன்னு தெரியாதுல்லண்ணே."

இந்தப் பழக்கத்தை ஒழிக்க மேஸ்திரி சாக்கில் வைக்கோலைத் திணித்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, "உதைடா" என்றார். காசிமாயன் ஓங்கி உதைத்தான். உடனே சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இதுக்கு என்னடா மரியாதை?"

"அரிசிச் சாக்குண்ணே."

துரை மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார். திண்டுக்கல்காரர்கள் திரும்ப வருகிறார்கள். இந்தத் தடவையும் தோற்றால் டீமைக் கலைத்துவிட்டு, மேஸ்திரி மறுபடி பஞ்சு ரூமுக்குப் போக வேண்டியதுதான். அதைக் கேட்டு வெளியே வந்தவருக்கு, நின்ற இருமல் வாசலிலேயே திரும்பி வந்தது.

காசிமாயனை நிறுத்திவிடலாம் என்றால் அவ்வளவு பெரிய உடம்புக்கு மாற்று ஆள் இல்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனோம். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் மேஸ்திரியின் துண்டு ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம். அந்த நெரிசலில் ஓரிடத்தில் மட்டும் தரை தெரிந்தது. அங்கே காசிமாயன் நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அவனுடைய ஆத்தா சீனியம்மாள் சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வருகிற கூட்டம் அவன் மேல் முட்டி இரண்டாகப் பிரிந்து போனது. அவன் யாரையும் தள்ளவில்லை. நின்றான், அவ்வளவுதான்.

மேஸ்திரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அடேய், இம்புட்டு நாளா நான்தான்டா முட்டாப்பய! இவனைப் போயி ஓடுறவன் பின்னாடி ஓடச் சொன்னேனே!"

மறுநாளே வித்தையை மாற்றினார். முத்திருளன் ஓடுகிறவன், அவன் ஆளைப் பிடிக்கட்டும். கண்ணுச்சாமியைப் பேன் மாதிரி பற்றிக்கொள்ளட்டும். காசிமாயன் இடத்தைப் பிடிக்கட்டும். கோலுக்கு முன்னால் குச்சியால் ஒரு கட்டம் கிழித்தார்.

"மாப்ள, இதுக்குள்ள நில்லு. பந்துக்குப் போகாத. ஆளுக்கும் போகாத. பின்னாடி ஒங்காத்தா வெத்தல போட்டுக்கிட்டு இருக்குன்னு நெனச்சுக்க."

பின்னால் இருந்தவன் நான். எனக்கு வெற்றிலை தரவில்லை.

"அவன் வந்து காலை வச்சான்னா?"

"அவன் கால் ஒம்மேல பட்டா யாருடா கும்பிடணும்?"

காசிமாயன் யோசித்தான். "அவன்தாண்ணே."

"பெறகென்ன? அவன் கும்பிடுற வரைக்கும் அவன் மூஞ்சியையே பாரு."

ஆட்டத்தன்று திண்டுக்கல்காரர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கண்ணுச்சாமி, "என்ன பூசாரி, சௌக்கியமா?" என்று காசிமாயனுக்குக் கும்பிடு போட்டான். அதற்கப்புறம் அவனுக்குச் சிரிக்க நேரமில்லை. இடப்பக்கம் போனால் முத்திருளன், வலப்பக்கம் போனால் முத்திருளன். ஓடுகிற ஓட்டத்திலேயே, "மாமா, ஒங்க ஊர்ல தோலுக்கு வாடை அடிக்கும்னாங்க, ஆட்டக்காரனுக்குமா அடிக்குது?" என்று காதுக்குள் நச்சரித்துக்கொண்டே வந்தான். அவனைத் தாண்டி நடுவே வந்தால் அங்கே கதவு. கண்ணுச்சாமி காலை நீட்டிப் பார்த்தான். காசிமாயன் காலை எடுத்துக்கொண்டு உடம்பால் வழியை அடைத்தான். கால் படவே இல்லை. அங்கும் கோல் இல்லை, இங்கும் கோல் இல்லை. துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேஸ்திரி விசிலைக் கடித்துக்கொண்டு இருமினார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். வெறுத்துப்போன கண்ணுச்சாமி பந்தோடு நேரே காசிமாயன் மேல் பாய்ந்தான். அவன் பாதம் இவன் முழங்காலுக்குக் கீழே படாரென்று விழுந்தது. காசிமாயன் அசையவில்லை. வலியைக்கூடக் காட்டாமல் கண்ணுச்சாமியின் மூஞ்சியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

வேலியோரம் இருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது. "ஏம்ப்பா, எம்மகனைக் கால்ல மிதிச்சுட்டுச் சும்மா நிக்கிறயே, ஒன்னையப் பெத்தவ ஒண்ணும் சொல்லித் தரலையா?"

சீனியம்மாள். வில்வண்டி பிடித்து அவளைக் கூட்டிவந்தது யார் என்று மேஸ்திரி கடைசிவரை சொல்லவில்லை.

கண்ணுச்சாமியும் ஒரு தாய் வளர்த்த பிள்ளைதானே. கை தானாக இறங்கியது. குனிந்தான், தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான். ரெப்ரி சிரித்த சிரிப்பில் விசில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பந்து தேடுவாரில்லாமல் கிடந்தது. முத்திருளன் அதைக் காலில் தட்டிக்கொண்டு ஓடியவன்தான். ஓடக் கூடாது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. போய்க் கோல் போட்டுவிட்டுத்தான் நின்றான்.

துரை மைதானத்துக்குள்ளேயே வந்து மேஸ்திரியின் கையைக் குலுக்கி, "மைதானம் உனக்குத்தான்" என்றார். மேஸ்திரி சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தார். விழுந்தது காசிமாயனின் பாதத்தின் மேல்.

காசிமாயன் அசையவில்லை. அவர் மூஞ்சியைப் பார்த்தான்.

"டேய், நான் ஒன் மேஸ்திரிடா."

பார்த்துக்கொண்டே நின்றான். வேலியோரம் சீனியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறக்கத் தயாரானாள். மேஸ்திரி விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.