ஸ்டெல்லா அத்தை உட்கார்ந்த இடம்

பூந்தமல்லியில் ஒரு தையல்கடைக்குள் நுழைந்தேன்; மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. அப்பாவின் தங்கை ஸ்டெல்லா அத்தையின் புடவையில் எப்போதும் இந்த வாசம்தான். எண்பதுகளில் அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்தாள். அங்கே கழிப்பறையைப் பூட்டிவைத்து மதியம் மட்டும் திறப்பார்கள். ஒருநாள் கர்ப்பிணி ஒருத்தி அடக்கமுடியாமல் புடவையை நனைத்துக்கொண்டு அழுதாள். அத்தை மெஷினை நிறுத்திவிட்டு கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். சில நாளில் கம்பெனிக்காரர்கள் பூட்டை எடுத்தார்கள். அத்தையை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வம்பு?" என்றார் அப்பா.

"அந்தப் பொண்ணு அழுதுகினு நிக்குது. நான் எப்படிண்ணா தைச்சிகினு இருப்பேன்?"

வேறெந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை.

தொண்ணூறுகளில் அவள் இறந்தபோது, அந்தக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்த பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கவந்த ஆண்களை விலக்கிவிட்டு, கல்லறைவரை அவர்களே சுமந்தார்கள்.