ஸ்டீபன் பிடித்த பந்து

எங்கள் கல்லூரி அணியில் அதிக கோல் அடிப்பவன் நான்தான். அந்தத் திமிரில் போன வருடம் ஒரு கேவலமான வேலை செய்தேன். தர்மபுரியில் நடந்த போட்டியில் எதிரணி கோல்கீப்பர் ஸ்டீபன் சேற்றில் வழுக்கி விழ, என் பந்து உள்ளே போனது. அவன் விழுந்ததை மட்டும் வெட்டியெடுத்து, தவளைச் சத்தம் சேர்த்து ரீல்ஸ் போட்டேன். ஊரே சிரித்தது. அதன்பின் அவன் ஆட வருவதையே நிறுத்திவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

பொம்மிடி பக்கம் அவன் ஊர் மாதா கோயில் திருவிழாவில் கால்பந்துப் போட்டி நடக்கும். அங்கே போய் வர்ணனை சொல்பவரிடம் மைக்கை வாங்கினேன். "ஸ்டீபனைக் கேலி பண்ணி வீடியோ போட்டது நான்தாங்க. தப்புங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன்.

கூட்டத்திலிருந்து ஸ்டீபன் எழுந்து வந்தான்.

"பேச்செல்லாம் வேணாம். ஒரு பெனால்டி அடி. மெதுவா அடிச்சு வுட்டுக்குடுத்தீன்னா மன்னிக்கவே மாட்டேன்."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றான்.

மெதுவாக அடிக்கலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அது இன்னொரு கேலியாகிவிடும். முழு பலத்தோடு வலது மூலைக்கு அடித்தேன். அவன் பாய்ந்து பிடித்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். திருவிழாவுக்கு வந்திருந்த பேண்டு செட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள்.

"இதையும் ரீல்ஸ் போடு" என்று சிரித்தான் ஸ்டீபன்.

யாரோ எடுத்திருந்த வீடியோவை வாங்கி, வெட்டாமல் போட்டேன். எத்தனையோ கோல் அடித்திருக்கிறேன். இன்றும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, உள்ளே போகாத அந்தப் பந்தைத்தான்.