லெப்பா படகில் நாலு எலுமிச்சம்பழம்

சம்பூர்ணம் கடல் தாண்டிப் போனது ஊர் பார்க்க அல்ல, மகனைக் கையோடு இழுத்து வர. அதை அவள் மறைக்கவும் இல்லை. மறைமலைநகரில் கம்பெனி பஸ்களுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில் பக்கத்து மெஷின்காரி செல்லம்மாவிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"பத்தே நாளுடி. போவ சொல்ல ஒரு டிக்கெட்டு, வர்றப்ப ரெண்டு."

"அவன் வருவானா?"

"பெத்தவ போயி கூப்ட்டா வராம இன்னா பண்ணுவான்?"

திருப்போரூருக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவள் சம்பூர்ணம். புருஷன் தர்மராஜ் கம்பெனி பஸ் ஓட்டினார். மகன் பார்த்தசாரதி ஏழாவது படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் ஓட்டிய பஸ்ஸின் சீட்டுக்கே உறை தைக்க உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் போட்ட தையல் பிரிந்துவிட்டது என்று எந்த டிரைவரும் வந்து நின்றதில்லை. வாய் விஷயத்தில்தான் உத்தரவாதம் கிடையாது. அது எப்போது எங்கே பிரியும் என்று அவளுக்கே தெரியாது.

அந்தத் தையல் காசில் படித்த சாரதி ஆறு வருஷமாக மலேசியாவில் இருக்கிறான். சபா என்ற மாநிலத்தில், செம்பொர்னா என்னும் கடலோர ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாமாயில் மில்லில் இன்ஜினியர். இப்போது அங்கே வேலையை நிரந்தரம் பண்ணுகிறோம், திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடு என்று சொல்லியிருந்தார்கள். போட்டால் அவன் அந்த ஊர்க்காரன். போடாவிட்டால், மறைமலைநகரிலேயே ஒரு தொழிற்சாலை அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்படி வீட்டு வாசலில் வேலை இருக்க, தண்ணீரைத் தாண்டி எதற்கு என்பதுதான் சம்பூர்ணத்தின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அவள் போய் இறங்கிய சமயம் ஊரே அமளியாக இருந்தது. அங்கே பஜாவ் என்று கடல் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மரப்படகுக்கு லெப்பா என்று பெயர். முன்னோர்கள் அந்தப் படகிலேயே பிறந்து, அதிலேயே சோறாக்கி, அதிலேயே குடித்தனம் பண்ணியவர்களாம். அதனால் ஏப்ரல் மாதம் லெப்பாக்களுக்கு ஜோடனை கட்டித் திருவிழா எடுக்கிறார்கள். நம் ஊர்த் தெப்பம் குளத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். இது கடலையே சுற்றும்போல என்று நினைத்துக்கொண்டாள் சம்பூர்ணம்.

சாரதி தங்கியிருந்தது நூர்ஸியா என்ற பஜாவ் பெண்மணியின் வீட்டில். கடலுக்குள் கம்பம் நட்டு அதன்மேல் கட்டிய மரவீடு. நூர்ஸியாவுக்கு சம்பூர்ணத்தின் வயதுதான் இருக்கும். கூடம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணி பரப்பி, படகில் ஏற்றும் பெரிய கொடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"டேய், ஒத்த தையல் போட்டுகினு கீறாங்க. காத்துல டார்னு கிழிஞ்சிடும்னு சொல்லு."

சாரதி எதைச் சொன்னானோ, நூர்ஸியா சிரித்து மெஷினை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். மகனைக் கூட்டிப்போக வந்தவள் பையைக்கூடப் பிரிக்காமல் தைக்க உட்கார்ந்துவிட்டாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தைத்த கை மட்டும் இருக்குமா?

சாயங்காலத்துக்குள் இருவருக்கும் பேச்சு வளர்ந்துவிட்டது. இவள் தமிழ், அவள் மலாய், நடுவில் சாரதி. ஒரு சமயம் நூர்ஸியா அவனைக் காட்டி, நெற்றியில் கை வைத்து, கரண்டியால் ஊட்டுவதுபோல அபிநயம் பிடித்தாள். சாரதி அதைத் தமிழில் சொல்லாமல் கீழே கிடந்த நூல்கண்டைச் சுற்ற ஆரம்பித்தான்.

"இன்னாடா சொல்றாங்க?"

"ஒண்ணும் இல்லமா."

"இன்னான்னு கேட்டேன்."

"ரெண்டு வருசம் முன்ன எனக்கு டெங்கு வந்துச்சு. பதினோரு நாளு. இவங்கதான் கஞ்சி ஊட்னாங்க. நீ பயந்துடுவேன்னு சொல்லல."

சம்பூர்ணம் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டினாள். நன்றிதான் வரவேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். தன் பிள்ளைக்கு ஜுரம் அடித்தபோது தான் மறைமலைநகரில் ரெக்சின் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், இன்னொருத்தி கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அவன் அந்த வீட்டுத் தரையில், சொந்த வீட்டில் படுப்பதுபோலக் கையைக் காலை விரித்துத் தூங்குவதைப் பார்த்தபோது எரிச்சல் பயமாக மாறியது. இந்த ஊர் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. திருஷ்டி கழித்துத்தான் ஆகவேண்டும்.

திருவிழா அன்று விடிந்ததும் சந்தைக்குப் போய் எலுமிச்சம்பழம் கேட்டாள். கோலிக்குண்டு அளவில்தான் கிடைத்தது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நாலு வாங்கினாள். திருப்போரூரிலிருந்து மடித்து வந்த குங்குமத்தில் பொட்டு வைத்து, தூக்கக் கலக்கத்தில் நின்ற மகனின் தலையை மூன்று முறை சுற்றினாள். அவன் பழகினவன், பேசாமல் நின்றான். அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது அவனுக்குத் தெரியாது. முருகா, இந்த ஊரு இவன் மேல வெச்ச ஆச இதோட கழிஞ்சி போவட்டும்.

சுற்றியாயிற்று. எங்கே போடுவது? முச்சந்தி இருந்தால் முச்சந்தியில் எறியலாம், அங்கே சந்தே தண்ணீர். ஆயுத பூஜையன்று தர்மராஜ் பஸ்ஸுக்கு நாலு டயரிலும் எலுமிச்சை வைத்து நசுக்குவாரே, அது நினைவுக்கு வந்தது. வீட்டுப் படிக்கட்டில் கட்டியிருந்த லெப்பாவுக்கு டயர் ஏது? யோசித்துவிட்டு, படகின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். கிளம்புகிற ஆட்டத்தில் தானாக உருண்டு கடலில் விழுந்துவிடும். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்தாள்.

படகில் கொடி ஏறியது. அவள் போட்ட இரட்டைத் தையல் காற்றில் விறைத்துக்கொண்டு நின்றது. சுற்றிலும் படகுகள், மணித் தாளம், மஞ்சள் பட்டில் விரல்களை வளைத்து ஆடும் பெண்கள். சம்பூர்ணம் தன்னை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து நூர்ஸியாவின் குரல் வந்தது.

"மக்கான், மக்கான்!"

சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஒரு பெரிய தட்டில் பச்சை மீனைப் பொடியாக நறுக்கி, இஞ்சியும் மிளகாயும் போட்டுப் பிசறி வைத்திருந்தது. பச்சை மீனா என்று முகம் சுளிக்கப் போனவளின் கண், தட்டின் ஓரத்தில் கிடந்த பிழிந்த தோல்களில் நின்றது. எட்டுத் தோல். ஒன்றில் குங்குமம் சரியாகக் கழுவப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, துன்னாதடா!"

"பாதி துன்னுட்டேன்மா. இன்னாச்சு?" என்றான் சாரதி வாயில் மீனோடு. "உன்ன ரொம்ப புகழ்றாங்க. படகு கெளம்பற அன்னிக்கி எலுமிச்ச வாங்கினு வந்து, பொட்டு வெச்சி, நாலு மூலையிலயும் அழகா வெச்சிருந்தியாம். இப்டி மொற தெரிஞ்ச விருந்தாளிய பாத்ததில்லையாம். அதான் அதையே புழிஞ்சிட்டாங்களாம்."

கழித்துப் போட்டதெல்லாம் அவன் வயிற்றுக்குள் திரும்பப் போய்விட்டது. விஷயத்தைச் சொன்னால் அந்த மனுஷியின் முகம் செத்துப்போகும். சொல்லாவிட்டாலும் தப்ப வழியில்லை, ஏனென்றால் நூர்ஸியா ஒரு பிடி மீனை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள்.

சம்பூர்ணம் அந்தக் கையைப் பார்த்தாள். பதினோரு நாள் கஞ்சி ஊட்டிய கை. தான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கை. இதைப்போய்த் திருஷ்டி என்று சுற்றிப் போட்டேனே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

புளித்தது, உறைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று.

"போட்டுடுறா," என்றாள்.

"எத?"

"கையெழுத்த."

சாரதி மெல்லுவதை நிறுத்திவிட்டான். "என்ன இட்டுகினு போவத்தானமா வந்த?"

"வந்தேன். அதுக்கு இன்னா இப்போ? வருசத்துக்கு ஒரு வாட்டி நீ வூட்டுக்கு வா, ஒரு வாட்டி நான் வர்றேன். ஜொரம் வந்தா மட்டும் மறைக்காத. மறைச்ச, அன்னிக்கே வந்து காலை ஒடிப்பேன்."

அன்றைக்கு மத்தியானம் செல்லம்மா போன் பண்ணினாள். பின்னால் தாளம் காதைப் பிளந்தது.

"இன்னாடி, புள்ள சிக்கினானா?"

"இல்லடி, நான் சிக்கிகினேன்," என்று கத்தினாள் சம்பூர்ணம். "அடுத்த வருசம் நீயும் கெளம்பு. இங்க கொடி தைக்க ஆள் பத்தல."