எங்கள் வீட்டுக் கூறு

என் மாமனார் இருந்தார். கணவரின் அண்ணன் இருந்தார். ஆடு உரித்தவர் இருந்தார். பங்காளி வீட்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். என் மகள் இருந்தாள். நான் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருந்தேன். என் கணவர் இல்லை. அவர் இறந்து ஆறு வருடம்.

இடம், திருவரங்குளத்துக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயில். கிடா வெட்டு முடிந்திருந்தது. கறியைத் துண்டு போட்டு வாழை இலைகளில் கூறு வைத்திருந்தார்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு. அவர் கோயில் வரி கொடுப்பார், கூறு வாங்குவார். வயதாகிப் பொறுப்பை மகன்களிடம் விட்டவர்களுக்குத் தனிக் கூறு இல்லை. ஈரல் சுண்டுவிரல் அளவாவது எல்லா இலையிலும் இருக்கவேண்டும். இல்லையென்றால் சண்டை.

என் கணவர் இருந்தவரை எங்களுக்கும் கூறு உண்டு. அவர் போனதும் நின்றது. வரியும் கேட்பதில்லை. கறி கடையில் கிடைக்கும். வரி கேட்காமல் விட்டதுதான் எனக்கு உறுத்தல். அந்த வீட்டில் ஆளே இல்லை என்பது போல. இந்த வருடம் கேட்டுவிடுவது என்று போயிருந்தேன்.

கணவரின் அண்ணனிடம் கேட்டேன்.

“அத்தான், எங்க வீட்டுக்கும் ஒரு கூறு வைங்க. வரியும் வாங்கிக்கங்க.”

“ஆம்பள இல்லாத வீட்டத் தலைக்கட்டுல எப்படிம்மா சேக்குறது? என் கூறுல பாதி தாரேன், கொண்டு போ.”

“பாதி வேணாம்.”

என் மகள் முன்னால் வந்தாள். புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். மனிதன் எப்படி உண்டானான் என்று அவளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள்.

“பெரியப்பா, மனுசன் எப்படி மனுசனானான் தெரியுமா?”

ஆடு உரித்தவர் முந்திக்கொண்டார். “கொரங்குலேருந்து வந்தான். ஒங்க பெரியப்பா மொகத்தப் பாத்தாலே தெரியுதே.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

“கொரங்கு நமக்குப் பாட்டன் இல்லண்ணே, பங்காளி. பாட்டன் வேற.”

“பங்காளின்னா அதுக்கும் ஒரு கூறு வைக்கணுமா?”

அவள் விடவில்லை. “ரொம்பப் பழைய தாடை எலும்பு ஒண்ணு கெடச்சிருக்கு பெரியப்பா. பல்லு போயி, பல்லு இருந்த குழியெல்லாம் மூடிப்போச்சு. அப்படின்னா பல்லு இல்லாமயே ரொம்ப நாளு உசுரோட இருந்திருக்காரு. யாரோ நசுக்கிக் குடுத்திருக்கணும்னு சொல்றாங்க. வேட்டையில கெடச்சதப் பங்கு போட்டுத் தின்னுதான் மனுசக் கூட்டமே தழைச்சுச்சாம்.”

சிரிப்பு நின்றது. எல்லாரும் என் மாமனாரைப் பார்த்தார்கள். அவருக்குப் பல் இல்லை. மகன்கள் தனித்தனியே போனபின் அவர் என் வீட்டில்தான் இருக்கிறார். கறியை அம்மியில் நசுக்கிச் சோற்றில் பிசைந்து கொடுப்பேன். பெரிய காரியமில்லை. பசிக்கும், கொடுப்பேன்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். “சரி, அப்பா பேர்ல ஒரு கூறு வச்சிருவோம். ஒன் வீட்டுக்குத்தானே போகுது.”

தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.

“மாமா பேர்ல வேணாம். அவருக்குப் பெறகு மறுபடி நின்னுபோகும். என் பேர்ல வைங்க.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா?”

“வழக்கம் ரத்தத்துலயா வருது பெரியப்பா?” என்றாள் மகள். “நாம வச்சதுதானே.”

மாமனார் எழுந்தார். கூறு பிரிக்கும்போது மூத்தவர் இலைகளுக்கு முதுகு காட்டி உட்காரவேண்டும். ஒருவர் ஓர் இலையைத் தொட்டு யாருக்கு என்று கேட்பார். மூத்தவர் பார்க்காமலே வீட்டைச் சொல்வார். அப்போதுதான் ஓரவஞ்சனை இருக்காது. மாமனார் போய் முதுகு காட்டி உட்கார்ந்தார்.

ஆடு உரித்தவர் முதல் இலையைத் தொட்டார். “இது யாருக்கு?”

“எனக்குச் சோறு போடுறவளுக்கு.”

அப்படியானால் கடைசியில் ஒரு வீட்டுக்குக் கூறு இருக்காது. அது எல்லாருக்கும் தெரியும். அத்தான் புது இலை ஒன்றை விரித்தார்.

“எல்லாக் கூறுலேருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து இதுல வைங்கப்பா. ஈரல மறந்துறாதீங்க.”

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் வரியை நீட்டினேன். அத்தான் இரண்டு கையாலும் வாங்கினார். மகள் தூக்குவாளியைத் திறந்து பிடித்தாள்.

தூக்குவாளியில் போடும் முன் இலைகளை எண்ணினேன். போன வருடம் இருபது.

இருபத்தொன்று.