பதினைந்து வயதின் கோபம்

தண்ணீர் தெளித்த செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு போடும்போது எழும் வாடை இன்றைக்கும் மூக்கில் ஏறினால் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும். பத்தாம் வகுப்புப் படித்த வருஷம், வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய் ஆடிய கோ-கோ இறுதிப் போட்டியில், எங்கள் அணியில் துரத்தி ஓட என்னை விட்டால் ஆளில்லை. ஒரு பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டால் கம்பம் வரும்வரை திரும்பக் கூடாது என்ற விதி, நான்கு வருஷப் பழக்கத்தில் என் காலுக்கே மனப்பாடம்.

இடைவேளையில் விளையாட்டு சார் வந்தார். ஒருத்தியை நான் நழுவவிட்டதற்காக, எதிரணிக்கும் கேட்கும்படி, "மாடு மேய்க்கிற வீட்லேர்ந்து வந்தவளுக்குப் புத்தி எங்கிட்டு இருக்கும்?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி ஆட இறங்கியபோது அந்தச் சிரிப்பைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. தெரிந்த விதி தெரியாமல் போயிற்று. பாதியில் திரும்பினேன், விசில். மறுபடி திரும்பினேன், மறுபடி விசில். இரண்டு முறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் தப்பினாள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

சார் நேரே வந்து கன்னத்தில் அறைந்தார். நான் அவரை இரண்டு கையாலும் தள்ளினேன். யோசித்துச் செய்யவில்லை, அவர் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் தள்ளியதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். "சாருக்குச் சட்டுனு கோவம் வரும், ஆனா நல்ல மனுஷன். ஒங்க பொண்ணுக்குத்தான் அடக்கம் இல்லைங்க," என்றார் தலைமையாசிரியை. அவருக்கு வந்தால் சுபாவம், எனக்கு வந்தால் குற்றம்! அப்பா வீட்டுக்கு வந்து, "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது," என்று என் பையைத் தூக்கிப் பரணில் போட்டார். அந்த வருஷப் பரீட்சையை நான் எழுதவில்லை. அம்மா விடாமல் சண்டை போட்டதில், மூன்று வருஷம் கழித்துத் தனித்தேர்வராக எழுதினேன்.

நாங்கள் ஆடிப் பழகிய மைதானத்தில் இன்று கட்டடம் நிற்கிறது. பெண்கள் அணி அந்த வருஷத்தோடு கலைந்தது. பிறகு யாரும் அணி சேர்க்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாரைப் பார்த்தேன். "அந்த வயசுல ஒனக்கு ரொம்பக் கோவம்மா," என்று சிரித்தார். எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது; இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எத்தனையோ. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அப்ப ஒங்களுக்கு என்ன வயசு சார்?"

விரல்விட்டு எண்ணினார். "நாப்பத்தாறு இருக்கும்," என்றார். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை.